ஒருவருக்குப் பலித்த மருந்து மற்றவருக்குப் பலிக்காதது ஏன்?

மூளைக் கட்டியினுள் மூடிக் கிடக்கும் ஒரு பரம்பரையலகின் கதை

அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்திலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலே வால்ட்டர் டாண்டி என்னும் சத்திர வைத்தியர் இருந்தார். 1928 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட அறிக்கையொன்றைப் படிப்போர் இன்றும் சற்றே திடுக்குறுவர். மூளையின் வலப்பக்கத்திற் கட்டி பரவி, அதனால் இடக் கையும் காலும் ஏற்கெனவே செயலற்றுப்போன நோயாளர் சிலருக்கு, அவர் வலப்பாதி மூளையை முழுவதுமாகவே அகற்றிவிட்டார். பாதி மூளையை இழந்தும் மனிதர் பேசினர், வீட்டாரை அறிந்துகொண்டனர். அது வியப்பே. ஆனால் டாண்டி எண்ணிய காரியம் கைகூடவில்லை. கட்டி மீண்டும் வந்தது. கத்தி எட்டிய எல்லைக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத கலங்கள் சில முன்னரே கடந்து சென்றிருந்தன.

நாம் இங்கே எழுதப் புகுந்தது அத்தகைய கட்டி ஒன்றைப் பற்றியே. அதன் பெயர் கிளையோபிளாஸ்ரோமா. மூளையிலே நரம்புக் கலங்களைத் தாங்கியும் ஊட்டியும் நிற்கும் துணைக் கலங்கள் உள்ளன. அவற்றுக்குக் கிளையா என்று பெயர். அக்கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும்பொழுது தோன்றும் கட்டிகளுள் மிகக் கொடியது இது. 1926 இல் பெர்சிவல் பெய்லி, ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் மூளைக் கட்டிகளை வகைப்படுத்தி நூலொன்று எழுதியபோது இதற்கும் தனியிடம் வகுத்தனர். நல்ல காலமாக இந்நோய் அரிது. அமெரிக்கக் கணக்குப்படி ஆண்டுதோறும் இலட்சம் பேரில் ஏறத்தாழ மூவரையே இது பற்றுகிறது. ஆயினும் அந்த மூவருள் ஒருவர் நம் வீட்டவராய் இருந்தால் அரிது என்னும் சொல்லில் ஆறுதல் ஏது?

சத்திர சிகிச்சை மட்டும் போதாதென்பது தெளிவாகிவிட்டது. அடுத்து வந்தது கதிர்வீச்சு. 1978 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, சத்திர சிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சுப் பெறாதவர்கள் 14 கிழமையும் பெற்றவர்கள் 35 கிழமையும் வாழ்ந்தனர் என்று காட்டியது. இங்கே ஒரு விளக்கம் வேண்டும். நோயாளரை அவர்கள் வாழ்ந்த காலத்தின்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாழ்ந்த காலமே இவ்வாறு கூறப்படுகிறது. கணிதம் பயிலும் மாணவர் இதனை இடையம் என்பர். அவருக்கு முன்னே பாதிப்பேரும் பின்னே பாதிப்பேரும் நிற்கின்றனர் என்பதை மறத்தலாகாது. கட்டுரை முழுவதிலும் வரும் மாதக் கணக்குகள் இவ்வகையினவே. எந்த ஒரு தனி மனிதருடைய ஆயுளையும் அவை கூறமாட்டா.

கதிர்வீச்சுக்குப் பின் மருந்தின் முறை வந்தது. ஆனால் மூளையை அணுகுவது மருந்துக்கு எளிதன்று. மூளையின் நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவர் மிக நெருக்கமாக அமைந்தது; குருதியிலுள்ள பொருள்களிற் பெரும்பாலானவற்றை அது உள்ளே விடுவதில்லை. இயற்கை நமக்கு அளித்த இக்காவல், நோய் வந்த காலத்தில் நமக்கே இடையூறாகிறது.

இத்தடையைத் தாண்டிய மருந்தொன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், அஸ்டன் பல்கலைக்கழகத்திலே பிறந்தது. பேராசிரியர் மல்கம் ஸ்டீவன்ஸ் என்பவரும் அவருடைய மாணவரும், நைதரசன் அணுக்கள் வரிசையாகக் கோத்து நிற்கும் விசித்திரமான மூலக்கூறுகள் சிலவற்றை 1980 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆக்கிக் கொண்டிருந்தனர். முதலிற் கிடைத்த மிற்றொசோலமைட் என்பது எலிகளின் கட்டிகளைக் கரைத்தது. மனிதருக்குக் கொடுத்தபொழுதோ குருதியை உண்டாக்கும் என்பு மச்சையைப் பழுதாக்கியது. ஆகவே அது கைவிடப்பட்டது. அதன் தம்பி போன்ற இன்னொன்று ரெமொசோலமைட் எனப்பட்டது. 1987 இல் லண்டன் சாரிங் குறொஸ் வைத்தியசாலையில் எட்வேட் நியூலண்ட்ஸ் என்னும் வைத்தியரும் அவரைச் சார்ந்தோரும் அதனை நோயாளருக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினர். முழு அளவையும் ஒரே வேளையிற் கொடுத்தபோது பயன் காணவில்லை. அதையே ஐந்து நாட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தபோது பயன் தெரிந்தது. முதன் முயற்சியோடு மனந்தளர்ந்து விட்டிருந்தால் இம்மருந்தும் ஏதோவோர் ஆய்வுகூடத்து அலமாரியிற் கிடந்திருக்கும்.

இம்மருந்தின் இயல்பு அழகானது. இரைப்பையின் அமிலத்தில் இது சிதைவதில்லை. ஆகையால் வில்லையாக விழுங்கலாம். குருதியை அடைந்ததும், அங்கே அமிலத்தன்மை இல்லாமையால், ஈரலின் உதவியைக்கூட எதிர்பாராமல் தானாகவே உடைகிறது. உடையும்போது அதிலிருந்து வெளிப்படுவது ஒரு சின்னஞ்சிறு துணுக்கு. காபன் அணு ஒன்று, அதனைச் சுற்றி ஐதரசன் அணுக்கள் மூன்று, அவ்வளவே. இதற்கு மெதைற் கூட்டம் என்று பெயர். பெயர் புதிதென்று மாணவர் மருள வேண்டாம். பெற்றோமாக்ஸ் விளக்கை ஏற்றுமுன் சூடாக்குவதற்கு ஊற்றும் ஊதா நிறமான ஸ்பிரிட்டை 'மெதிலேற்றிய' ஸ்பிரிட் என்கிறோமல்லவா? யாரும் குடித்துவிடாதபடி அதிற் கலக்கும் மெதனோலில் இருப்பதும் இதே கூட்டந்தான். நம் கதையில் இம்மெதைற் கூட்டம் இருமுறை, ஒன்றுக்கொன்று எதிரான இரு வேடங்களில் வரும். அதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மருந்திலிருந்து பிரிந்த மெதைற் கூட்டம் கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ. இழையிற் சென்று ஒட்டுகிறது. டி.என்.ஏ. என்பது அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நீண்ட ஏடு. அடினினுக்கு எதிரே தைமினும், குவானினுக்கு எதிரே சைற்றோசினும் நிற்பது விதி. மெதைல் பல இடங்களில் ஒட்டினாலும், அவற்றுட் பெரும்பாலானவற்றைக் கலம் எளிதிற் செப்பனிட்டு விடுகிறது. குவானினின் ஆறாம் இடத்திலுள்ள ஒட்சிசனில் ஒட்டுவது நூற்றுக்கு ஐந்து ஆறு அளவே. ஆனால் உயிரைக் குடிப்பது அந்த ஐந்தாறுதான். அவ்விடத்தில் மெதைல் ஏறிய குவானின், கலம் பிரியும் நேரத்திலே தன் சோடியாகிய சைற்றோசினை விட்டுத் தைமினைச் சேர்த்துக் கொள்கிறது.

இனி நடப்பதைக் கேளுங்கள். கலத்தினுள்ளே சோடிப் பிழைகளைத் தேடித் திருத்தும் புரதங்கள் உண்டு. அவை பிழையைக் கண்டுபிடித்து, புதிதாக எழுதிய இழையிலிருந்து தைமினை வெட்டி எறிகின்றன. ஆனால் குற்றம் புதிய இழையிலன்றிப் பழைய இழையிலன்றோ இருக்கிறது? வெட்டிய இடத்தில் மறுபடியும் தைமினே வந்து அமர்கிறது. கையெழுத்துப் பிரதியிலே பிழை இருக்க, அச்சுப்படியை மாத்திரம் எத்தனை முறை திருத்தினால் என்ன? வெட்டுவதும் எழுதுவதுமாக நெடுநேரம் வீணே உழன்று, ஈற்றில் டி.என்.ஏ. இழையே இரண்டாக முறிகிறது. கலம் மடிகிறது. மருந்தின் வேலை முடிந்தது.

அவ்வாறாயின் எல்லாக் கட்டிகளும் இம்மருந்தால் அழிய வேண்டுமே? அழிவதில்லை. ஏனெனில், இப்பிழை உண்டாகுமுன்னரே அதனைத் தடுக்கவல்ல காவலாளி ஒருவன் கலத்தில் இருக்கிறான்.

அக்காவலாளி ஒரு புரதம். அதன் முழுப்பெயர் நாவுக்கு எளிதன்று, எம்.ஜி.எம்.ரி. என்று சுருக்கிச் சொல்வர். அதை ஆக்கும் பரம்பரையலகு நம்முடைய பத்தாம் நிறமூர்த்தத்தின் நீண்ட கரத்தின் அந்தத்தில் உள்ளது. குவானினில் ஒட்டிய மெதைற் கூட்டத்தை இப்புரதம் பிடுங்கித் தன்மேலே ஏற்றுக் கொள்கிறது. ஏற்றுக்கொண்டதை அதனால் விடமுடியாது. கொட்டியபின் உயிர் துறக்கும் தேனீயைப் போல, ஒரேயொரு மெதைலை அகற்றியதோடு அப்புரத மூலக்கூற்றின் கதை முடிகிறது; கலம் அதனைச் சிதைத்துவிடும். சாதாரண நொதியம் ஒன்று ஆயிரம் முறை ஒரே வேலையைச் செய்யும். இதுவோ ஒருமுறை செய்து மாய்வது. ஆகவே ஒரு கலத்திடம் எத்தனை எம்.ஜி.எம்.ரி. மூலக்கூறுகள் உள்ளனவோ அத்தனை அடிகளையே அது தாங்கும். தீர்ந்தால் புதிதாக ஆக்க வேண்டும்.

நம் உடலிலுள்ள நல்ல கலங்களுக்கு இது பெருந்துணை. சூழலிலிருந்தும் உடலின் உள்ளிருந்தும் வரும் இத்தகைய சேதங்களிலிருந்து அது நம்மை நாள்தோறும் காக்கிறது. ஆனால் கட்டியின் கலங்களையும் அது அவ்வாறே காக்கிறது. காவலுக்கு நல்லவர் தீயவர் என்னும் வேறுபாடு தெரியாது.

இவ்விடத்திலேதான் மெதைற் கூட்டம் இரண்டாம் முறை வருகிறது. ஒவ்வொரு பரம்பரையலகுக்கும் முன்னே, அதனைப் படிக்கத் தொடங்கும் வாயில் போன்ற பகுதி ஒன்றுண்டு. எம்.ஜி.எம்.ரி.யின் வாயிலிலும் அதன் அண்மையிலும் சைற்றோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்கள் 98 நெருங்கி நிற்கின்றன. சில கட்டிகளில், கலத்தின் சொந்த நொதியங்களே இச்சைற்றோசின்களின்மேல் மெதைற் கூட்டங்களை ஏற்றிவிடுகின்றன. எழுத்துக்கள் மாறுவதில்லை, ஏட்டில் ஓர் எழுத்தும் அழிவதில்லை. ஆனால் வாயில் அடைபட்டுப் போகிறது. ஏடு இருந்தும் படிப்பாரில்லை. புரதம் உண்டாவதில்லை, காவலாளி இல்லை. அந்நிலையில் மருந்து கொண்டுவரும் மெதைலை அகற்ற எவருமில்லாமற் கட்டிக் கலம் மடிகிறது.

ஒரே மெதைற் கூட்டம் கட்டியின் சைற்றோசினில் ஏறிக் காவலை நீக்குகிறது. மருந்திலிருந்து வந்து குவானினில் ஏறிக் கொல்லுகிறது. எவரும் திட்டமிட்டு அமைத்ததன்று இப்பொருத்தம். ஸ்டீவன்ஸ் தம் மருந்தை ஆக்கிய காலத்தில் கட்டியின் பூட்டைப் பற்றி அவர் எண்ணியிருக்க நியாயமில்லை.

பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று அறிவது எப்படி? 1996 இல் ஜேம்ஸ் ஹேர்மன், ஸ்டீவன் பெய்லின் முதலியோர் இதற்கு எளிய வழியொன்றை வெளியிட்டனர். இவர்களும் டாண்டி கத்தியெடுத்த அதே ஜோன்ஸ் ஹொப்கின்ஸைச் சேர்ந்தவர்கள் என்பது நாம் எதிர்பாராத ஒற்றுமை. டி.என்.ஏ.யைப் பைசல்பைற்று உப்பினாற் பக்குவப்படுத்தினால், மெதைல் இல்லாத சைற்றோசின் வேறோர் எழுத்தாக மாறிவிடும். மெதைல் ஏறியது மாறாது நிற்கும். பின்னர் எவை மாறின, எவை மாறவில்லை என்று வாசித்தாற் போதும். மழையிலே நனைந்தபின் எந்த எழுத்து மெழுகு பூசியது, எது பூசாதது என்று கண்டறிவதைப் போன்றது இது.

இம்முறையைக் கொண்டு மனெல் எஸ்தெல்லர் என்னும் ஸ்பானிய விஞ்ஞானியும் பிறரும் மூளைக் கட்டி நோயாளர் 47 பேரின் கட்டிகளைச் சோதித்தனர். அவர்கள் எல்லோரும் காமஸ்ரின் என்னும் பழைய மருந்தைப் பெற்றவர்கள். அதுவும் குவானினின் அதே இடத்தைத் தாக்குவதே. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு இது. பரம்பரையலகு மூடியிருந்த 19 பேரில் 12 பேருக்குக் கட்டி சுருங்கியது. திறந்திருந்த 28 பேரிலோ ஒரேயொருவருக்கே சுருங்கியது. 47 பேர் என்பது சிறு தொகைதான். ஆனால் 12 க்கும் ஒன்றுக்கும் இடையேயுள்ள தூரத்தை யாரும் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை.

இதற்குள் ரெமொசோலமைட்டின் பெரும் பரீட்சையும் தொடங்கிவிட்டது. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத்து வைத்தியர் றோஜர் ஸ்டப் தலைமையில், ஐரோப்பாவிலும் கனடாவிலுமாக 85 வைத்தியசாலைகளிலிருந்து 573 நோயாளர் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினருக்கு ஆறு கிழமைக்குக் கதிர்வீச்சு மாத்திரம். மறுபாதியினருக்குக் கதிர்வீச்சோடு நாள்தோறும் சிறிய அளவில் இம்மருந்தும், அதன்பின் மாதத்தில் ஐந்து நாளாக ஆறு முறை பெரிய அளவிலும். 2005 மார்ச்சு 10 ஆந் திகதி 'நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகை'யில் முடிவு வந்தது. கதிர்வீச்சு மாத்திரம் பெற்றோர் 12.1 மாதம், மருந்தும் பெற்றோர் 14.6 மாதம்.

இரண்டரை மாதந்தானா என்று வாசகர் கேட்கக் கூடும். நாமும் முதலிற் படித்தபோது அப்படியே கேட்டோம். ஆனால் இடையத்தை விட்டு வரிசையின் பின் முனையைப் பாருங்கள். இரண்டாண்டு கழிந்து உயிரோடிருந்தவர் முதற் கூட்டத்தில் நூற்றுக்கு 10.4, இரண்டாவதில் 26.5. ஐந்தாண்டின் பின் எண்ணியபோது முறையே 1.9 உம் 9.8 உம். ஆகவே மருந்து எல்லோருக்கும் இரண்டரை மாதத்தைப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. சிலருக்கு ஆண்டுகளைக் கொடுத்தது, சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்கவில்லை. அந்தச் சிலர் யார்?

அதே சஞ்சிகையின் அதே இதழில் விடையும் இருந்தது. லோசானிலே பணிபுரிந்த மொனிக்கா ஹெகி என்னும் பெண் விஞ்ஞானியும் துணைவர்களும், அப்பரீட்சையிற் சேர்ந்தோரின் கட்டித் துணுக்குகளைத் தேடி எடுத்துச் சோதித்திருந்தனர். 206 பேருக்கு விடை கிடைத்தது. அவர்களுள் நூற்றுக்கு 45 பேரின் கட்டியில் எம்.ஜி.எம்.ரி.யின் வாயில் மூடியிருந்தது. மூடியிருந்தவர்களுள் கதிர்வீச்சு மாத்திரம் பெற்றோர் 15.3 மாதமும் மருந்தும் சேர்த்துப் பெற்றோர் 21.7 மாதமும் வாழ்ந்தனர். இரண்டாண்டைக் கடந்தோர் மருந்தின்றி நூற்றுக்கு 22.7, மருந்தோடு 46. திறந்திருந்தவர்களின் கணக்கோ வேறு. மருந்தின்றி 11.8 மாதம், மருந்தோடு 12.7.

ஒரு மாதத்துக்கும் குறைந்த வேறுபாடு. இந்த இலக்கத்தின் முன்னேதான் வைத்தியர்கள் இருபது ஆண்டாகத் தயங்கி நிற்கின்றனர்.

வாயில் திறந்த கட்டியை உடையவருக்கு ரெமொசோலமைட்டைக் கொடுப்பதா, விடுவதா? கொடுத்தால் ஓங்காளம் உண்டு, களைப்பு உண்டு, குருதியில் வெண்கலங்களும் சிறுதட்டுக்களும் குறையும். என்பு மச்சையின் கலங்களில் எம்.ஜி.எம்.ரி. புரதம் குறைவாதலால், கட்டிக்கு விழாத அடி அங்கே விழுகிறது. கொடாமல் விட்டால்? அதற்கு ஈடாக வைக்க வேறு மருந்தில்லை. மேலும் திறந்த வாயிலினருள்ளும் மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 13.8 பேர் இரண்டாண்டைக் கடந்தனர். பெறாதோரில் இருவர்கூடக் கடக்கவில்லை. சோதனையும் ஆம், இல்லை என்று இரண்டே சொல்லிற் பேசுவதன்று. 98 இடங்களுட் சில மெதைல் ஏறியும் சில ஏறாமலும் இருக்கும் இடைநிலைக் கட்டிகளும் உள்ளன. எல்லைக் கோட்டை எங்கே வரைவது என்பதில் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் கருத்து வேறுபடுகிறது. ஆதலால், வயதும் உடல்நிலையும் இடங்கொடுக்கும் நோயாளருக்கு, சோதனை எவ்வாறாயினும் பெரும்பாலான வைத்தியர் மருந்தைக் கொடுத்தே வருகின்றனர். வேறு வழி ஒன்று கிடைக்கும்வரை அதுவே நியாயம் என்பது நம் கருத்து. ஆனால் அதனைக் கொடுக்கும்பொழுது, எதிர்பார்க்கத் தக்க பயன் இவ்வளவே என்று சொல்லிக் கொடுப்பதும் நியாயத்தின் ஒரு பகுதியே. நம் வீடுகளில் நோயின் பெயரையே நோயாளிக்கு மறைத்து, வெளி விறாந்தையில் நின்று வைத்தியரோடு இரகசியம் பேசும் வழக்கம் உண்டு. அன்பினாற் செய்வதுதான். ஆயினும் எஞ்சிய மாதங்கள் யாருடையனவோ அவருக்கே அவற்றின் கணக்குத் தெரியாமற் போகிறது.

முதியவர்களின் காரியத்திற் சோதனை உண்மையாகவே வழி காட்டுகிறது. எழுபது வயதை அணுகிய, தளர்ந்த உடலினர் கதிர்வீச்சையும் மருந்தையும் ஒருங்கே தாங்குவது கடினம். இரண்டில் ஒன்றைத் தெரிய வேண்டுமாயின் எதைத் தெரிவது? 2012 இல் ஜேர்மனியிலிருந்தும் நோர்டிக் நாடுகளிலிருந்தும் இரு ஆய்வுகள் வெளிவந்தன. வாயில் மூடியிருந்தால் மருந்தே நன்று. ஜேர்மன் ஆய்வின்படி, திறந்திருந்தாற் கதிர்வீச்சே நன்று. இரண்டையும் தாங்கக்கூடிய முதியவர்க்கு, மூன்று கிழமையில் முடியும் குறுகிய கதிர்வீச்சோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2017 இல் வந்தது. 65 வயதும் அதற்கு மேலுமான 562 பேருள், கதிர்வீச்சு மாத்திரம் பெற்றோர் 7.6 மாதமும் இரண்டும் பெற்றோர் 9.3 மாதமும் வாழ்ந்தனர். வாயில் மூடியிருந்தோருக்கு அது 7.7 இலிருந்து 13.5 ஆக உயர்ந்தது.

திறந்த வாயிலை நாமே மூடிவிட்டால் என்ன என்று மாணவர் கேட்பர், விஞ்ஞானிகளும் கேட்டனர். எம்.ஜி.எம்.ரி. புரதத்தை ஏமாற்றிச் செலவழித்துவிடும் போலிக் குவானின் ஒன்றை ஆக்கி, மருந்தோடு சேர்த்துக் கொடுத்தனர். காவலாளியின் கவனம் திரும்பியது உண்மையே. ஆனால் அவன் உடல் முழுவதிலும் காவலிருந்தவன் அல்லவா? கட்டியில் மாத்திரமன்றி என்பு மச்சையிலும் காவல் நீங்கியது. குருதிக் கலங்கள் வீழ்ந்தன; மருந்தின் அளவைக் குறைக்க நேர்ந்தது; குறைத்த அளவு கிளையோபிளாஸ்ரோமாவுக்குப் போதவில்லை. மருந்தைக் கூடிய நாட்களுக்குக் கொடுத்துப் புரதத்தைத் தீர்த்துவிட முயன்ற பெரிய ஆய்வொன்றும் 2013 இல் பயன் காணாமலே முடிந்தது.

மூடிய வாயிலினருக்கு இன்னும் சற்று நல்ல செய்தி உண்டு. ஜேர்மன் பல்கலைக்கழக வைத்தியசாலைகள் சில சேர்ந்து, அத்தகையோருக்கு மாத்திரம் ரெமொசோலமைட்டோடு லோமஸ்ரின் என்னும் பழைய மருந்தையும் கூட்டிக் கொடுத்த ஆய்வு 2019 இல் வெளிவந்தது. வழமையான சிகிச்சை பெற்றோர் 31.4 மாதமும் இரு மருந்தும் பெற்றோர் 48.1 மாதமும் வாழ்ந்தனர். கணக்கிற் கொள்ளப்பட்டவர் 129 பேரே ஆதலால் அதனை ஐயத்தோடு நோக்குவோரும் உளர். அந்த ஐயம் தவறன்று. ஆனால் 14 கிழமையில் தொடங்கிய கதை நான்காண்டை எட்டியிருப்பதைக் கவனியாமலும் இருக்க முடியவில்லை.

கட்டியும் வாளா இருப்பதில்லை. மருந்தினாற் சுருங்கிப் பின்பு மீளும் கட்டிகளுட் சில, சோடிப் பிழை திருத்தும் புரதங்களையே இழந்துவிடுகின்றன. பிழை திருத்துவோன் இல்லாதபோது பிழை இருந்தென்ன? வெட்டுதலும் முறிதலும் நிகழாமற் கலம் பிழையோடே பெருகுகிறது. காவலாளி இல்லாத கட்டியும் இவ்வாறு தப்பிக் கொள்கிறது. இதற்கு மாற்றாக, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியர் சேத் ஹேர்சனும் கதிர்வீச்சு வைத்தியர் ரஞ்சித் பிந்திராவும் ரெமொசோலமைட்டின் மூலக்கூற்றையே சிறிது மாற்றினர். பிழை திருத்துவோனை நம்பியிராமல், தானே டி.என்.ஏ.யின் இரு இழைகளையும் பிணைத்துக் கலத்தைக் கொல்லும் பொருள் ஒன்றை அவர்கள் 2022 இல் வெளியிட்டனர். அதுவும் எம்.ஜி.எம்.ரி. இல்லாத கட்டிகளையே தாக்குவது. அவர்கள் அன்று காட்டிய வெற்றி எலிகளிலே கண்டது. எலியிற் பலித்தது மனிதரிற் பலியாத கதையை மிற்றொசோலமைட்டில் ஒருமுறை பார்த்துவிட்டோம்.

இத்தகைய செய்தியைப் படிப்போர் மனத்தில் எழும் வினா ஒன்றுக்கு விடை கூறவேண்டும். தந்தைக்கு வந்த நோய் பிள்ளைக்கு வருமா, பரம்பரையலகு என்கிறீர்களே என்று அஞ்சுவோர் உண்டு. இங்கே கூறிய மூடலும் திறத்தலும் பெரும்பாலும் கட்டியின் உள்ளே, கட்டி வளரும் காலத்தில் நேர்ந்தவை, பெற்றோரிடமிருந்து வந்தவையல்ல. ஆகவே வீட்டிலுள்ள மற்றவர்கள் இதற்கெனத் தங்கள் குருதியைக் கொடுத்துச் சோதிப்பதில் அர்த்தமில்லை. சோதிக்க வேண்டியது சத்திர சிகிச்சையில் எடுத்த கட்டியின் துணுக்கையே.

அத்துணுக்கைப் பற்றியும் ஒரு சொல். 573 பேர் சேர்ந்த அந்தப் பரீட்சையில் ஹெகி குழுவினருக்குக் கட்டித் துணுக்குக் கிடைத்தது 307 பேரிடமிருந்து. சோதனை பலித்தது 206 பேருக்கு. எஞ்சிய நூற்றொருவரின் துணுக்கு மிகச் சிறியதாயோ, பழுதடைந்ததாயோ, வேறு குறையுடையதாயோ விடை தராமற் போயிற்று. எடுத்த இழையத்தை உடனே உரிய முறையிற் பதப்படுத்தி மெழுகுக் கட்டியிற் பதித்து வைத்தால், மாதங்கள், ஆண்டுகள் கழிந்தும் அதை எடுத்துச் சோதிக்கலாம். சத்திர சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் குடும்பத்தினர் வைத்தியரிடம் கேட்க வேண்டியவற்றுள் இதையும் ஒன்றாக எழுதி வைத்துக் கொள்ளலாம்: எடுக்கும் துணுக்கு எங்கே வைக்கப்படும், அதில் எம்.ஜி.எம்.ரி. சோதனைக்குப் போதியது எஞ்சுமா?